சீதேவி மச்சாள் போன் பழகின கதை

எங்கள் ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பழுகாமத்துக்கு வடக்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறது. அவ்வளவு போதும். ஏன் இந்த ஒளிப்பு மறைப்பு என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

என் பெயர் அன்னப்பூரணி. நான் சொல்லப் போவது என் புருசனின் அக்கா சீதேவிப்பிள்ளையைப் பற்றி. எனக்கு அவள் மச்சாள். பக்கத்துப் பக்கத்து வளவு, நடுவில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றடியில் நாங்கள் போடாத சண்டை இல்லை. அவளுடைய கோழி என் கீரைப் பாத்தியைக் கிளறினால் நான் கத்துவேன். என் நாய் அவளுடைய கருவாட்டைத் தூக்கினால் அவள் கத்துவாள். பின்னேரம் இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து வெற்றிலை போடுவோம்.

மச்சாளுக்கு ஐம்பத்தேழு வயது. புருசன் போய்ச் சேர்ந்து கனகாலம். துறையடியில் சின்னதாக ஒரு தேநீர்க் கடை வைத்திருந்தாள். வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். மோட்டார் சைக்கிள், ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கலியாண வீட்டுச் சனம் எல்லாம் அதில்தான் ஏறும். பாதை அக்கரையிலிருந்து வரும்வரை காத்திருக்கிறவர்களுக்கு மச்சாளின் பிளேன்டீயும் உளுந்து வடையும். வடை நல்ல வடை. அதை நான் அவள் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரேயொரு மகள், பிரஷாந்தி. எங்கள் பக்கத்தில் வீடு வாசல் பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கிவிடுவாள். மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பையோடு வந்து சேர்வார். அப்படி வந்து சேர்ந்தவன்தான் ஜெயந்தன். பார்வைக்கு நல்ல பெடியன். வாயைத் திறந்தால் தேன். அந்தத் தேனில் முதலில் வழுக்கி விழுந்தவள் நான்தான், பொய் சொல்லக் கூடாது. “மாமி, உங்கட கையால ஒரு சொதி வைச்சுத் தாங்க” என்பான். நானும் தேங்காய் துருவப் போய்விடுவேன்.

கலியாணமாகி வருசம் திரும்பவில்லை, பிரஷாந்தியைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டான். அவள் அங்கே யாருடைய வீட்டையோ துடைக்க, இவன் இங்கே அவளுடைய வீட்டில் மின்விசிறியின் கீழே படுத்திருந்தான். இடையில் ஒருமுறை அவள் விடுமுறையில் வந்தாள். வாசலில் பாயை விரித்துச் சரியாகப் படுத்துக்கூட இருக்க மாட்டாள். வந்து இறங்கிய அன்றே விமான நிலையத்து வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அவளுடைய பாஸ்போட்டை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டிருந்தான் இவன். ஏஜென்சிக்காரனோடு எல்லாம் பேசி முடித்து மறுபடி ஏற்றி அனுப்பிவிட்டான். அவள் அழுததை ஊர் முழுக்கக் கேட்டது. மச்சாள் கேட்டாள், நான் கேட்டேன், என் புருசன் கேட்டார். ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டாம் முறை போன இடத்தில் மாடிப்படியில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். சரியாகக் கட்டுப் போடவில்லை. கை கோணலாகப் பொருந்திவிட்டது. அங்கே அவளை இனி வைத்திருக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜெயந்தன் ஓமானுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். கோணல் கையோடு என்ன வேலை செய்வாள் என்று கேட்டதற்கு, “பிள்ளை பார்க்கிற வேலைதானே மாமி” என்றான். அப்போதும் அதே தேன்.

அந்தக் காலத்தில்தான் போன் வந்தது. கொண்டுவந்தவள் காத்தான்குடி ஸாதியா. அவளும் குவைத்தில் வேலை செய்து திரும்பியவள். இப்போது காத்தான்குடியில் நெய்கிற சாரன்களைப் பையில் சுமந்து கிழமைக்கொரு தடவை பாதையேறி இந்தப் பக்கம் விற்க வருவாள். பிரஷாந்தி யாரிடமோ கொடுத்துவிட்ட போன் அவள் கைக்கு வந்து, அங்கிருந்து மச்சாளின் கடைக்கு வந்தது. அதோடு ஒரு சொல்லும் வந்தது. அதை ஸாதியா மச்சாளின் காதுக்குள்தான் சொன்னாள்.

“அம்மா, உங்கட மகள் சொல்லச் சொன்னது. வாற நேரம் நீங்கதான் எயார்போட்டில நிக்கணுமாம். புருசன்ட கையில பாஸ்போட் போனா திரும்ப ஏத்தி அனுப்பிருவாராம். நீங்க வெளியில நிண்டாத்தான் அவ வெளிய வருவாவாம். அதுக்குத்தான் இந்தப் போன். பழகிக்கங்க.”

மச்சாள் அதுவரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. கதிர்காமத்துக்கு நடந்து போயிருக்கிறாள், அதுவும் ஒரு கூட்டத்தோடு. விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. “என்னால ஏலுமா மச்சாள்?” என்று கிணற்றடியில் என்னிடம் கேட்டாள். எனக்கு வந்த பதற்றத்தில், “ஏலாட்டி விடு. அவன் கூட்டிக்கொண்டு போகட்டும்” என்று சீறிவிட்டேன். அவள் வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாளே பழகத் தொடங்கினாள்.

போனைத் திறந்து கொடுத்தவன் ஜெயந்தன். சிம் போட்டு, தன்னுடைய ஈமெயில் கணக்கையே அதில் போட்டு, எழுத்தைத் தமிழுக்கு மாற்றி, “மாமி, இனி நீங்க எங்க வழி தவறினாலும் நான் கண்டுபிடிச்சுருவன்” என்று சிரித்தான். மச்சாளும் சிரித்தாள். மருமகனுக்குத் தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அன்று இரண்டு வடை கூடுதலாகக் கொடுத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் கணக்கும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது.

அவள் பழகிய சீரைச் சொன்னால் சிரிப்பீர்கள். வடைச்சட்டிக்குப் பக்கத்தில் நின்று எண்ணெய் விரலால் திரையைத் தேய்ப்பாள். அது அசையாது. “பிடிவாதக்காரச் சாமான்” என்று திட்டுவாள். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தால் ஒரேயடியாக ஓடி எங்கேயோ போய் நிற்கும். ஆவி படும் என்று போனை எப்போதும் ஷொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருப்பாள். மணி அடித்தால் அதை அவிழ்த்து எடுப்பதற்குள் அழைத்தவருக்கு வயது போய்விடும்.

ஸாதியா வருகிற நாட்களில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். மேப் முதலில். ரயிலில் இடம் பிடிக்கிறது, பஸ் நேரம் பார்க்கிறது, ஓட்டோ கூப்பிடுகிறது எல்லாம் பிறகு. மேப்பில் தன் வீட்டுக் கூரையைப் பார்த்த அன்று மச்சாள் என்னை வளவுக்கு வளவு கூவி அழைத்தாள். பாதையில் ஏறி நடு வாவிக்குப் போய் போனைப் பார்த்து, “மச்சாள், நான் தண்ணிக்குள்ள நிக்கிறனாம்!” என்று கரையில் நின்ற என்னிடம் கத்தினாள். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானமே போனது.

ஓட்டோ கூப்பிட்ட கதை இன்னும் மோசம். ஒரு நாள் துறையடியில் நின்று ஓட்டோவுக்கு அடித்தாள். “வந்திட்டன் அம்மா, எங்க நிக்கிறீங்க?” என்று ஓட்டோக்காரன் எடுத்துக் கேட்டான். “நான் இஞ்சதான் நிக்கிறன், நீங்க எங்க?” என்றாள் இவள். பார்த்தால் அவன் அக்கரையில் நிற்கிறான். போனுக்கு வாவி ஒரு கணக்கே இல்லை. கிட்டத்தில் இருக்கிற தார் ரோட்டைப் பிடித்துக் காட்டியிருக்கிறது. அவன் அங்கிருந்து கை காட்ட, இவள் இங்கிருந்து கை காட்ட, நடுவில் தண்ணீர். அன்று நான் சிரித்த சிரிப்பில் மச்சாள் என்னோடு அன்று முழுக்கக் கதைக்கவில்லை.

ஆனால் அவளை மிகவும் கோபப்படுத்தியது வேறொன்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் வாசலை விட்டு இறங்குகிறபோது எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். கட்டாயம் கேட்கத்தான் வேண்டுமென்றால் “தூரத்துக்கா?” என்பார்கள், அவ்வளவுதான். இந்த மேப் என்ன செய்கிறது? பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கித் திறந்தால் முதல் கேள்வியே எங்கே போக வேண்டும் என்பதுதான். முதல் தடவை மச்சாள் அப்படியே வீட்டுக்குள் திரும்பிப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் மறுபடி இறங்கினாள். “வளர்ப்புச் சரியில்லாத போன்” என்றாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். போக வேண்டிய இடத்தை முதல் நாளே அதில் அடித்துப் பார்த்துவிடுவாள். புறப்படுகிற நேரம் போன் கேள்வி கேட்கத் தேவையில்லை பாருங்கள். அவளுக்கு அதில் பெரிய பெருமை. நானும், பரவாயில்லையே, மூளை வேலை செய்கிறதே என்று நினைத்தேன்.

பிரஷாந்தி வருகிற நாள் முடிவானது. ஜெயந்தனுக்கு அதற்கடுத்த கிழமை என்று சொல்லியிருந்தாள். எங்கள் திட்டம் இதுதான்: மச்சாள் முதல் நாள் பின்னேரம் புறப்பட்டுக் காத்தான்குடியில் ஸாதியா வீட்டில் தங்குவாள். விடிய மட்டக்களப்பில் ரயிலேறி, ராகமையில் இறங்கி, விமான நிலையம் போவாள். மகளைக் கூட்டிக்கொண்டு நேரே என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாள். அது எந்த ஊர் என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் மாட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள், கடையைப் பூட்டிவிட்டு, கொட்டிலுக்குள் இருந்து விமான நிலையத்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மேப்பில் நீலக் கோடு நீண்டு நீண்டு போனது. அவள் விரலால் அதன்மேலேயே தடவிக்கொண்டு போனாள். பிறகு மூடிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவள் பையோடு இறங்கியபோது ஜெயந்தன் வாசலில் கதிரை போட்டு இருந்தான். நான் வேலியோரம் நின்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து, “போய்ட்டு வாங்க மாமி” என்றான். சிரித்தான். பரவாயில்லை, இந்த மரியாதையாவது இவனுக்குத் தெரிகிறதே என்று நினைத்தேன். மச்சாளும் அதையேதான் நினைத்தாளாம்.

மறுநாள் அவள் ரயிலில் இருந்தபோது நடந்ததை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். யன்னலோர இடம். போனிலேயே பிடித்த இடம். ரயில்காரர் வந்து திரையைப் பார்த்துத் தலையாட்டியதும் இவளுக்குத் தலைகால் தெரியவில்லை. விமானம் பார்க்கிற ஆப் ஒன்றையும் ஸாதியா போட்டுக் கொடுத்திருந்தாள். பிரஷாந்தியின் விமானம் மஞ்சள் நிறத்தில் ஒரு பூச்சி அளவில் கடலின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். என் பிள்ளை அதுக்குள்ள இருக்கு என்று பக்கத்து இடத்துச் சிங்கள மனுசிக்குக் காட்டினாளாம். அந்த மனுசிக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனாலும் விரலால் அந்தப் பூச்சியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாளாம்.

பொலன்னறுவை தாண்டியதும் போன் அடித்தது. ஜெயந்தன்.

“மாமி, எங்க நிக்கிறீங்க?”

“சித்தாண்டிக் கோயிலுக்கு வந்தன் மகன்.”

அவன் சிரித்தான். “சித்தாண்டி முருகன் பொலன்னறுவைக்குப் பெய்த்தாரா? மாமி, நீங்க போனில என்னத்தைத் தேடினாலும் என்ட போனிலயும் வந்து விழும். எங்க நிண்டாலும் புள்ளி காட்டும். முந்தநாளே பார்த்திட்டன், எயார்போட் எண்டு. என்ட பொண்டாட்டியக் கூட்டி வர நான் வராம யார் வாற? வான் ஒண்டு பிடிச்சு வந்துகொண்டிரிக்கன். நீங்க கஷ்டப்படாம அங்க நில்லுங்க.”

மச்சாள் எனக்கு அடித்தாள். எல்லாவற்றையும் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில், “அந்தப் போனைத் தூக்கி வாவியில எறிகா!” என்று கத்தினேன்.

“இஞ்ச எங்க மச்சாள் வாவி? காடுதான் கிடக்கு.”

“அப்ப காட்டில எறி!”

“எறிஞ்சா பிள்ளை எப்பிடி எனக்கு எடுப்பாள்? அவள்ட நம்பர் எனக்குப் பாடமா? வந்து இறங்கி இந்தப் போனுக்குத்தான் எடுப்பாள்.” பிறகு அழத் தொடங்கிவிட்டாள். “நான்தான் மச்சாள் காட்டிக் கொடுத்தன். முதல் நாளே அடிச்சு வைச்சன். என்ட கையாலதான் அடிச்சன்.”

நான் அழுகிறவளை ஆற்றத் தெரியாதவள். “அழாத, யோசி” என்று மட்டும் சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் கனவிலும் நினைத்திருக்க மாட்டேன். பிளேன்டீயில் சீனி குறைந்தால்கூட மன்னிப்புக் கேட்கிற மனுசி. வெகுநேரம் யோசித்துவிட்டு, ராகமை வருவதற்குக் கொஞ்சம் முன்னே ஜெயந்தனுக்கு அவளே எடுத்தாள்.

“மகன், கோவிக்காதீங்க. பயத்தில மறைச்சுட்டன். பிள்ளை வெள்ளனவே வந்து இறங்கிட்டாள். ஸாதியா அவளைக் கோட்டை ஸ்டேசனுக்குக் கூட்டி வாறா. நானும் அங்கதான் போறன். நீங்க அங்க வாங்க மகன். உங்கட பொண்டாட்டி, நீங்களே கூட்டிப் போங்க. என்னால இனி ஓடித் திரிய ஏலா.”

அவன் நம்பவில்லை. “பார்ப்பம்” என்றான். ஆனால் புள்ளியை நம்புவான் என்று மச்சாளுக்குத் தெரியும். அந்த ரயில் கடைசியாகப் போய் நிற்கிற கோட்டை ஸ்டேசனின் பெயரை மேப்பில் அடித்தாள். போனைத் துவாயில் சுற்றி, தலைக்கு மேலே பொதி வைக்கிற தட்டில், மூலையில் தள்ளினாள். பிள்ளை வெளியே வந்ததும் தன்னைக் கண்டுவிடுவாள், போன் தேவைப்படாது என்று நினைத்தாளாம். அடிக்கிற சத்தத்தைக் குறைக்க அவளுக்குத் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அந்த மஞ்சள் பூச்சி இன்னும் கடலின்மேல்தான் நின்றதாம். ராகமையில் இறங்கினாள். ரயில் போனைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு அவள் பட்ட பாட்டை என்னென்று சொல்வது. மேப் இல்லை, ஓட்டோ கூப்பிட முடியாது, சிங்களம் தெரியாது. எங்கெங்கேயோ போய் நின்று “எயார்போட், எயார்போட்” என்றாளாம். ஒருத்தர் ஒரு பக்கம் காட்ட, இன்னொருத்தர் மறுபக்கம் காட்ட, ஒரு பஸ்ஸில் ஏறி, தவறி இறங்கி, மறுபடி ஏறி, செருப்பு வார் அறுந்து, எப்படியோ போய்ச் சேர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இரும்பு வேலி. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சனம் வந்தது. பெட்டி தள்ளிக்கொண்டு வந்தது, பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தது. பிரஷாந்தி வரவில்லை. குவைத்திலிருந்து வந்த பெண்கள், அவளைப்போலவே கறுப்பு உடுப்புக்காரிகள், கூட்டமாக வந்து போய்விட்டார்கள். அப்போதும் வரவில்லை. விமானம் வந்து எவ்வளவு நேரமென்று கேட்க ஆளில்லை. தன் பிள்ளை உள்ளே நின்று தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள், தன் போனோ கோட்டையில் கிடக்கிறது என்பது மச்சாளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. அம்மா வெளியே நின்றால்தான் வருவேன் என்றவள், அம்மா நிற்கிறாள் என்று எப்படி அறிவாள்?

படுவான்கரைப் பெண்களுக்குக் குரல் ஒரு குறை இல்லை. பாதை அக்கரையில் நிற்கும்போது ஓட்டியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்தவர்கள். கதவு திறந்ததும் மச்சாள் தொண்டையைத் திறந்தாள். “பிரஷாந்தீ... ஓ... அம்மா நிக்கிறன் மனே!” கதவு மூடியது. சனம் விலகி நின்று பார்த்தது. மறுபடி கதவு திறந்தது, மறுபடி கூப்பிட்டாள். காவலுக்கு நின்றவன் வந்து கத்த வேண்டாம் என்று கை காட்டினான். கும்பிட்டாள். அவன் திரும்பியதும் மறுபடி கூப்பிட்டாள். ஒருத்தி போனைத் தூக்கிப் படம் எடுத்தாளாம். எடுக்கட்டும். தொண்டை கட்டி, குரல் பிசிறி, வெறும் காற்று வருகிறவரை கூப்பிட்டாள்.

கதவு திறந்தபோது ஒருத்தி பெட்டியே இல்லாமல், ஒரு பொலித்தீன் பையைக் கோணல் கையில் மாட்டிக்கொண்டு, ஓடியும் ஓடாமலும் வந்தாள். மச்சாளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லையாம். அவ்வளவு மெலிந்திருந்தாள். வந்து வேலிக்கு மேலாலேயே தாயைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, உங்களுக்கு எடுத்தன். அவர் எடுத்தார்.” பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. “உங்கட போனில அவர் கதைக்கார். அம்மா என்னோடதான் நிக்கிறா, நான் வரும்வரைக்கும் உள்ளுக்கே நில் எண்டார். நான் நம்பிட்டன். கக்கூசுக்குள்ள பெய்த்து இருந்து அழுதன். மறுகா உங்கட சத்தம் கேட்டது.”

ரயிலைக் கூட்டிய யாரோ போனைக் கண்டெடுத்து வைத்திருக்கிறான். ஜெயந்தன் அதற்கு அடித்து, கோட்டைக்கே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான். வாங்கின கையோடு பிள்ளையின் அழைப்பு வந்திருக்கிறது. இப்போது அவனுக்கு எல்லாம் தெரியும். வான் திரும்பி வந்துகொண்டிருக்கும்.

மச்சாள் அழவில்லை. “பாஸ்போட் எங்க?” என்றாள். பிரஷாந்தி நெஞ்சுக்குள் கையை விட்டுத் தொட்டுக் காட்டினாள். பிள்ளையின் கோணல் கையைத் தன் சேலைத் தலைப்புக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த செருப்பை அங்கேயே உதறிவிட்டு, வெளியே நின்ற முதல் பஸ்ஸில் ஏறினாள். அது அவர்களுடைய ஊர்ப் பக்கமே போகிற பஸ் இல்லை. அன்று முழுக்கவும் அடுத்த நாளும் மாறி மாறி ஏறி, கடைசியில் என் தங்கச்சி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். என் தங்கச்சி அடித்துச் சொன்னபோது நான் கிணற்றடியில் இருந்து ஒப்பாரி வைத்தேன். செத்த வீடு என்று நினைத்து நாலு பேர் ஓடி வந்துவிட்டார்கள்.

இது நடந்து மாசங்களாகிவிட்டன. பிள்ளைக்குக் கை எலும்பை மறுபடி வெட்டி நேராகப் பொருத்தினார்கள். மச்சாள் அந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வடை சுடுகிறாள். துறையடிக் கடை பூட்டிக் கிடக்கிறது. வீடு மட்டும் திறந்திருக்கிறது. அதில் ஜெயந்தன் இருக்கிறான். பிரஷாந்தியின் பெயரில் இருக்கிற வீடு. தாயும் மகளும் ஊருக்குள் கால் வைக்கப் பயந்து யாருடைய அறையிலோ கிடக்க, பையோடு வந்தவன் விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். காலையில் கிணற்றுக்குப் போனால் அவன் பல் தீட்டிக்கொண்டு, “என்ன மாமி, சுகமா?” என்கிறான். வாளியை அவன் தலையில் கவிழ்க்க எனக்குக் கை துடிக்கும். பொலிசில் முறைப்பாடு செய்யப் போனால், குடும்பச் சண்டை, பேசித் தீருங்கள் என்கிறார்கள்.

மச்சாளின் போன் அவனிடம்தான் இருக்கிறது. முதல் தடவை அது அடித்தபோது என் திரையில் ‘சீதேவி மச்சாள்’ என்று வந்தது. வடைச்சட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் சிரிக்கிற படமும் வந்தது, ஸாதியா எடுத்துப் போட்டது. எனக்கு இருந்த சந்தோசத்தில் போன் அவனிடம் இருப்பதே மறந்துவிட்டது. “சொல்லுகா!” என்றேன். மறுபக்கம் தேனாக ஒரு குரல், “மாமி, எந்த ஊரில இரிக்காங்க?” என்று கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் அடித்தான். நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

இப்போதும் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை அடிக்கிறான். ஒரு தடவையாவது வாய் தவறி ஊரைச் சொல்லிவிடுவேன் என்று பார்க்கிறான். அந்தப் பெயரை அழித்துவிடு என்று என் புருசன் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. மச்சாள் இனி போன் வேண்டாம் என்றுவிட்டாள். கடைக்காரரின் போனிலிருந்து, பக்கத்து வீட்டுக்காரியின் போனிலிருந்து, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்திலிருந்து எடுப்பாள். ஆகையால் அவளுடைய பெயரும் படமும் வந்தால் நான் எடுப்பதில்லை, அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுகிறேன். யாரென்றே தெரியாத எண் ஒன்று வந்தால்தான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடுகிறேன்.